சும்மா விளையாடப் போகலாமா?

அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க வந்திருக்கும் நம்மூர்ப் பையனிடமோ பெண்ணிடமோ முதல் செமஸ்டர் கட்டண ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். படிப்புக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, நூலகம், பேருந்து என்று நீளும் பட்டியலில் பல இடங்களில் 'ரெக்ரியேஷன் ஃபீ' என்றும் ஒரு வரி இருக்கும். சில பல்கலைக்கழகங்கள் தனியாகக் காட்டாமல் பொதுவான மாணவர் கட்டணத்தில் சேர்த்திருக்கும். தொகை இடத்துக்கு இடம் மாறும். எப்படியானாலும் அதில் நம் காசு இருக்கிறது. "நான் விளையாட மாட்டேன், அதை மட்டும் கழிச்சிக்குங்க" என்றால் பெரும்பாலும் நடக்காது.

அந்தப் பட்டியலில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் நம்மாட்கள் கணக்குப் பார்த்துப் பயன்படுத்துவார்கள். பேருந்துக்குக் கட்டிய காசில் வால்மார்ட் வரை போய் அரிசி மூட்டை வாங்கி வருவோம். நூலகத்தில் எத்தனை பக்கம் இலவசமாக பிரின்ட் எடுக்கலாம் என்பது முதல் வாரமே தெரிந்துவிடும். ரெக் சென்டர் மட்டும் விதிவிலக்கு. நீச்சல் குளம், பேட்மின்டன் கோர்ட், கூடைப்பந்து, செங்குத்தாக ஏறுகிற சுவர், மழை பெய்தாலும் ஓடலாம் என்று மேல்மாடியில் ஒரு ஓடுபாதை. இத்தனையும் இருக்கிற கட்டடத்துக்குள் பட்டம் வாங்கும் நாள் வரை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத தமிழ் மாணவர்களை எனக்குத் தெரியும்.

எட்டிப் பார்ப்பவர்களில் ஒரு பகுதி வேலைக்குப் போகிறவர்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்த வேலைகளில் ரெக் சென்டர் முன்மேசை வேலையும் ஒன்று. வருகிறவர்களின் அடையாள அட்டையைத் தேய்த்து, துண்டு எடுத்துக் கொடுத்து, "ஹேவ் எ குட் ஒர்க்கவுட்" என்று சொல்லி அனுப்புவார்கள். வேலை நேரம் முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். விளையாடும் இடம் நாலடி தூரத்தில் இருக்கும்.

ஏன் என்று கேட்டால் "எங்கே சார் நேரம்?" என்பார்கள். குளிர் என்பார்கள். அசைன்மென்ட் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம் வளர்ப்பில் விளையாட்டுக்கு இரண்டே கணக்குதான். ஒன்று, ஜெயிக்கிற விளையாட்டு. மாவட்டம், மாநிலம், சர்டிபிகேட், ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு. இன்னொன்று, வீணாய்ப்போகிற விளையாட்டு. "படிக்கிற நேரத்துல என்னடா ஆட்டம்?" என்று வீட்டில் கேட்பது இதைத்தான். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. நன்றாக ஆடத் தெரியாமலே, பரிசு எதுவும் இல்லாமலே, சாயங்காலம் ஒரு மணி நேரம் நாலு பேரோடு ஆடிவிட்டு வருவது. அதற்குத் தமிழில் அருமையான வார்த்தை இருக்கிறது: சும்மா.

சும்மா விளையாடுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கல்லூரி மாணவரின் வாழ்க்கைத் தரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. நாம்தான் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.

26 கேள்விகளில் 14-வது

வாழ்க்கைத் தரம் என்றதும் நமக்குச் சம்பளம், வீடு, கார், கிரீன் கார்டு என்று மனசு ஓடும். உலக சுகாதார நிறுவனம் 1990-களில் இதை அளப்பதற்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. ஏதோ ஒரு நாட்டில் உட்கார்ந்து எழுதி உலகத்துக்கெல்லாம் அனுப்பவில்லை. உலகம் முழுவதும் 15 மையங்களில் மக்களிடம் பேசி, அங்கங்கே அந்தந்த மொழியில் உருவாக்கினார்கள். அமெரிக்காவின் சியாட்டில் அதில் ஒரு மையம். நம் சென்னையும் ஒரு மையம். ஆக, வாழ்க்கைத் தரம் என்றால் என்ன என்ற கேள்விக்குத் தமிழிலும் பதில் கேட்டுத்தான் அந்தக் கேள்வித்தாள் உருவானது.

அதன் சுருக்க வடிவத்தில் 26 கேள்விகள். முதல் இரண்டும் பொதுவானவை. மற்றவை உடல், மனம், சமூக உறவு, சூழல் என்று நான்கு பிரிவாகப் பிரியும். 12-வது கேள்வி, தேவைக்குப் போதுமான பணம் இருக்கிறதா என்பது. 14-வது கேள்வி, ஓய்வுநேர ஈடுபாடுகளுக்கு உங்களுக்கு எந்த அளவுக்கு வாய்ப்பு இருக்கிறது என்பது.

இந்த 14-வது கேள்வியை எந்தப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உடல் பிரிவில் இல்லை, மனம் பிரிவிலும் இல்லை. சூழல் பிரிவில் இருக்கிறது. பாதுகாப்பு, குடியிருக்கும் இடம், மருத்துவ வசதி, போக்குவரத்து இவற்றோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். கேள்வியும் "நீ விளையாடுகிறாயா?" என்று கேட்கவில்லை, "வாய்ப்பு இருக்கிறதா?" என்று கேட்கிறது. சோம்பேறியா சுறுசுறுப்பா என்ற குணத்தைப் பற்றிய விசாரணை அல்ல இது. தண்ணீர் வருகிறதா, பஸ் வருகிறதா என்பது போல, உன்னைச் சுற்றி இருக்கிறவர்கள் உனக்கு இதைச் செய்து கொடுத்திருக்கிறார்களா என்ற கேள்வி.

எனக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரிகிறது. நாம் எப்போதும் பிள்ளையைத்தான் குறை சொல்வோம். "எந்நேரமும் போனும் கையுமா கிடக்குறான்" என்போம். கிடக்காமல் வேறெங்கே போவான், அங்கே யார் இருப்பார்கள், போனால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

சுவருக்குள் ஓர் உலகம்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது டிவியில் வரும் ஃபுட்பால். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். அது திறக்கப்பட்டது 1927-ல். அடுத்த வருஷமே, 1928-ல், அதே பல்கலைக்கழகம் இன்னொரு கட்டடத்தையும் திறந்தது. அது பல்கலைக்கழக அணிக்காகக் கட்டியதல்ல. அணியில் இடம் கிடைக்காத சாதாரண மாணவர்கள் தங்களுக்குள் விளையாடுவதற்காகக் கட்டியது.

தங்களுக்குள் விளையாடும் இந்த முறைக்கு 'இன்ட்ராமுரல்' என்று பெயர். சுவருக்குள் என்று பொருள். மிச்சிகனும் ஒஹையோ ஸ்டேட்டும் 1913-லேயே இதற்கென்று தனித் துறை தொடங்கிவிட்டன. இன்றைக்குப் பெரிய பல்கலைக்கழகம் எதை எடுத்தாலும் இன்ட்ராமுரல் பட்டியல் நீளமாக இருக்கும். கூடைப்பந்து, வாலிபால், சாக்கர் இருக்கும். சில இடங்களில் ரப்பர் டியூபில் உட்கார்ந்து மிதந்துகொண்டே ஆடுகிற வாட்டர் போலோகூட உண்டு. பல ஆட்டங்களில் இரண்டு நிலை வைத்திருப்பார்கள். கடுமையாகப் போட்டி போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று, சும்மா ஆட வருகிறவர்களுக்கு ஒன்று. பதிவு செய்யும்போதே எது வேண்டும் என்று கேட்பார்கள். ஆட்டத்தில் சுமார்தான் என்பதை ஒரு தகுதியாக வைத்து இடம் கொடுக்கும் ஏற்பாட்டை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

இந்த ஏற்பாடு தேசிய அளவில் ஒன்றுசேர்ந்த கதை இன்னும் முக்கியம். 1950-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் டில்லார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் வாசன் என்ற கறுப்பினப் பேராசிரியர் ஒரு கூட்டம் கூட்டினார். 11 கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து 22 பேர் வந்தார்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த தெற்கு மாநிலம் அது. வெள்ளையர் கல்லூரிகளில் அவர்களுடைய மாணவர்கள் சேரவே முடியாத காலம். அந்த 22 பேர் தொடங்கிய சங்கம்தான் பிறகு விரிந்து, 1975-ல் நிர்சா என்று பெயர் மாற்றிக்கொண்டு, இன்று அமெரிக்கக் கல்லூரிகளின் ரெக் சென்டர்களுக்கெல்லாம் பொதுச் சங்கமாக இருக்கிறது. ஓய்வும் விளையாட்டும் வசதிபடைத்தவன் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் இந்த வருஷத்தையும் இந்த எண்ணிக்கையையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெண்களுக்குக் கதவு திறந்தது 1972-ல். அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது என்ற சட்டம் அந்த வருஷம் வந்தது. 'டைட்டில் நைன்' என்பார்கள். ஆங்கிலத்தில் அதன் முக்கிய வாசகம் 37 சொற்கள்தான், விளையாட்டு என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனால் அதன் கீழ் வந்த விதிகள் கல்லூரி அணிகளையும் தாண்டி இன்ட்ராமுரல் வரைக்கும் செல்லும்.

மாசச்சூசெட்ஸிலிருந்து நந்தனம் வரை

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர் வழக்கம், நமக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

1891 டிசம்பர். மாசச்சூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிக் கல்லூரி. வெளியே பனி. உள்ளே திரும்பத் திரும்ப ஒரே உடற்பயிற்சியைச் செய்து அலுத்துப்போன ஒரு வகுப்பு மாணவர்கள். அவர்களைச் சமாளிக்க ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் சுவரில் பழக்கூடை மாட்டிக் கண்டுபிடித்ததுதான் கூடைப்பந்து. நாலு வருஷம் கழித்து, பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வில்லியம் மார்கன் வாலிபாலைக் கண்டுபிடித்தார். வேலை முடிந்து வரும் நடுவயதுக்காரர்களுக்குக் கூடைப்பந்து மூச்சு வாங்குகிறது, மோதிக்கொள்ளாமல் ஆட ஒன்று வேண்டும் என்பதுதான் காரணம். இரண்டுமே பதக்கத்துக்காகப் பிறந்த ஆட்டங்கள் அல்ல. ஒன்று அலுத்துப்போன மாணவனுக்காக, இன்னொன்று களைத்துப்போன ஆபீஸ்காரனுக்காக.

அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்து, 1920-ல் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார். இன்று நந்தனத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியைத் தயார்செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவரால் விளைந்த பெரிய காரியம் வேறு. அங்கே பயிற்சி பெற்றவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளுக்குப் போய் நம் 'பி.டி. மாஸ்டர்' ஆனார்கள். எத்தனையோ கிராமத்துப் பள்ளிகளுக்கு ஒரு வலையும் ஒரு பந்தும் வந்து சேர்ந்தது அவர்கள் கையால்தான்.

அதற்குப் பிறகு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வேலை முடிந்து வந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயில் திடலில் இருட்டும் வரை வாலிபால் ஆடாத ஊர் குறைவு. யாழ்ப்பாணத்தார் ஒரு படி மேலே போய் 'ஓவர் கேம்' என்று தங்களுக்கென ஓர் ஆட்டமுறையே வைத்திருக்கிறார்கள். டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் குடிபெயர்ந்த பிறகும் அதை விடவில்லை. சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் இளைஞர்கள், ஆணும் பெண்ணும் ஒரே அணியில், ஃபிரிஸ்பீ தட்டை வைத்து 'அல்டிமேட்' ஆடுகிறார்கள். 1968-ல் நியூ ஜெர்சியில் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய ஆட்டம் அது. நடுவர் கிடையாது, தப்பு நடந்தால் ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, சும்மா விளையாடுவது நமக்கு அந்நியமில்லை. ஊரில் இருக்கிறது, கடற்கரையில் இருக்கிறது. கல்லூரிக்குள்தான் காணாமல் போகிறது.

கல்லூரிக்குள் நடப்பது

நான் படித்தது தமிழ்நாட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. மைதானம் பெரிது. கல்லூரி விளம்பரப் புத்தகத்தில் அதன் படம் இரண்டு பக்கத்துக்கு இருந்தது. அதில் கால் வைக்க அனுமதி கல்லூரி அணிக்கு மட்டும். ஐந்து மணிக்குக் காலேஜ் பஸ் கிளம்பிவிடும், வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அதோடு முடிந்தது. விடுதிப் பையன்கள் விடுதிக்குப் பின்னால் செங்கல்லை ஸ்டம்பாக வைத்து டென்னிஸ் பந்தில் ஆடுவோம். வார்டன் வரும் சத்தம் கேட்டால் பந்து பாக்கெட்டுக்குள் போய்விடும். பெண்கள் விடுதி ஆறு மணிக்குப் பூட்டு. நாலு வருஷத்தில் எங்கள் வகுப்புப் பெண்கள் ஓடி நான் பார்த்தது பஸ்ஸைப் பிடிக்க மட்டும்தான்.

அதற்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்பு. பி.டி. பீரியடு டைம்டேபிளில் இருக்கும், ஆனால் உள்ளே வருவது கணக்கு வாத்தியார். இந்தப் பயிற்சியோடுதான் நாம் விமானம் ஏறுகிறோம். இருபத்திரண்டு வயதில் திடீரென்று ஒரு கட்டடத்தைக் காட்டி "உள்ளே போய் விளையாடு, உனக்காகத்தான்" என்றால் கால் எப்படி எழும்? ஷூ இல்லை. ஆட்ட விதி தெரியாது. சின்ன வயதிலிருந்து ஆடிப் பழகியவர்கள் முன்னால் பந்தைத் தவறவிட்டால் சிரிப்பார்களோ என்ற கூச்சம். ஒல்லியாக இருப்பவனுக்கு ஒரு கூச்சம், குண்டாக இருப்பவனுக்கு ஒரு கூச்சம், பெண்களுக்கு உடுப்பைப் பற்றிய கூச்சம்.

டெக்சாஸில் எம்.எஸ். படித்தபோது என்னை உள்ளே இழுத்துப் போனது திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த என் ரூம்மேட். அவன் கிராமத்தில் வாலிபால் ஆடி வளர்ந்தவன். இன்ட்ராமுரலில் 'ஃப்ரீ ஏஜென்ட்' என்று ஒரு வசதி உண்டு. அணி இல்லாதவர்கள் தனியாகப் பேர் கொடுத்தால், ஆள் தேவைப்படும் அணி சேர்த்துக்கொள்ளும். "சும்மாதானேடா, வா" என்று எனக்கும் சேர்த்து அவனே பேர் கொடுத்துவிட்டான். எங்களைச் சேர்த்துக்கொண்ட அணியில் ஒரு நைஜீரியர், இரண்டு மெக்சிகர்கள், ஈரானிலிருந்து வந்த ஒரு பி.எச்டி. மாணவி, டெக்சாஸ்காரப் பெண் ஒருத்தி. அந்த செமஸ்டரில் நாங்கள் ஜெயித்தது ஒரே ஒரு மேட்ச். அதுவும் எதிரணி வராததால்.

ஆனால் அதுவரை என் வகுப்பிலும் லேபிலும் நான் பேசிய ஆங்கிலம் எல்லாம் அசைன்மென்ட் ஆங்கிலம்தான். ஒருவரைக் கிண்டல் செய்யவும், "விடு, அடுத்த பாயின்ட் பார்த்துக்கலாம்" என்று தட்டிக்கொடுக்கவும் அந்த மணல் கோர்ட்டில்தான் வாய் வந்தது. இங்கே நம் மாணவர்களைப் பற்றி ஒரு புகார் உண்டு: நம்மாட்கள் நம்மாட்களோடு மட்டும் சேருகிறார்கள் என்று. நாலு பேர் ஒரு வீடு, நாலு பேரும் தெலுங்கோ தமிழோ, சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம் அதே நாலு சுவர். வேறு மனிதர்களைச் சந்திக்க காரணம் வேண்டாமா? பந்து நல்ல காரணம்.

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்

பேர் வேண்டாம். ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். என்னோடு படித்தவர். ரெக் சென்டரில் ஆரம்பநிலை நீச்சல் வகுப்பில் சேர்ந்தார், பெண் பயிற்சியாளர். முழங்கை, முழங்கால் மறையும் நீச்சல் உடை கடையில் கிடைத்தது. "கடல் பக்கத்துலேயே பிறந்து வளர்ந்தேன், ஆனா முட்டி வரைக்கும்தான் நனைஞ்சிருக்கேன்" என்று சொல்வார். ஒரு செமஸ்டர் முடிவில் குளத்தின் நீளத்தை முழுவதுமாக நீந்தினார். வேகமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. ஊரில் அப்பா அம்மாவிடம் ரொம்ப நாள் சொல்லவில்லை. சொன்னபோது அவர் அம்மா கேட்டது இதுதானாம்: "பயமா இல்லையாடி? எப்படி இருந்துச்சு?" அந்த இரண்டாவது கேள்வியில் அந்த அம்மாவுக்கும் ஓர் ஆசை இருந்தது என்று அவர் சொன்னார்.

இன்னொருவர் படிப்பை முடித்து ஓபிடியில் வேலை தேடிக்கொண்டிருந்த பையன். ஓபிடி காலத்தில் வேலையில்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம் என்பது விதி. அவன் அறைச் சுவரில் காலண்டர் மாட்டி நாளை அடித்துக்கொண்டே வந்தான். ஒரு நாளைக்கு நாற்பது கம்பெனிக்கு விண்ணப்பம். பதில் வந்தால் "மன்னிக்கவும்", இல்லையென்றால் அதுவும் இல்லை. ஊரில் கல்விக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போன் செய்வதை நிறுத்திவிட்டான். பட்டம் வாங்கியதும் ரெக் சென்டர் அட்டை செல்லாது, அதனால் நாங்கள் ஊர்ப் பூங்காவின் மணல் கோர்ட்டுக்கு மாறியிருந்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் அங்கே வந்துவிடுவான். அங்கே யாரும் அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் அவன் வரவில்லை என்றதும் மூன்று பேர் போன் அடித்தார்கள், ஒருவர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். அறுபத்தெட்டாவது நாள் அவனுக்கு வேலை கிடைத்தது. வாலிபால் வேலை வாங்கித் தந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒருவன் வரவில்லை என்பதைக் கவனிக்க நாலு பேர் இருந்தார்கள் என்கிறேன். புலம்பெயர்ந்த வாழ்க்கையில் அது சின்ன விஷயமில்லை.

இங்கே பிறந்த பிள்ளைகளின் கணக்கு

இரண்டாம் தலைமுறைக்கு இந்தக் கூச்சம் இல்லை. ஐந்து வயதில் சாக்கர், எட்டு வயதில் நீச்சல், பத்து வயதில் டென்னிஸ். சனிக்கிழமை அதிகாலையில் அப்பாவோ அம்மாவோ காரில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப்போய் டோர்னமென்ட்டில் விடுகிறார்கள். ஆனால் பேச்சைக் கவனித்தால் அடியில் ஓடுவது அதே பழைய கணக்குதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குப் பதில் இங்கே காலேஜ் அப்ளிகேஷன். "ரெஸ்யூமேல ஒரு ஸ்போர்ட் இருக்கணும்" என்பது தமிழ் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம்.

அதனால் என்ன ஆகிறது? பதினேழு வயதில் அப்ளிகேஷன் போனதும் ராக்கெட் கராஜுக்குப் போய்விடுகிறது. உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடுகிறவர்களில் கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் என்சிஏஏ கணக்குப்படி ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். மீதித் தொண்ணூற்று மூன்று பேர்? பந்தயத்துக்காக மட்டுமே ஆடப் பழகிய பிள்ளைக்குப் பந்தயம் முடிந்தால் ஆட்டமும் முடிந்தது. பத்து வருஷம் டென்னிஸ் கற்ற பெண் ஒருத்தி கல்லூரி முதலாண்டில் என்னிடம் சொன்னாள்: "அங்கிள், நான் ஜாலிக்கு டென்னிஸ் ஆடினதே இல்ல. எப்படி ஆடுறதுன்னு தெரியல." நம்மூரில் இருந்து வருகிறவனுக்கு விளையாட யாரும் வாய்ப்புத் தரவில்லை. இவளுக்கு வாய்ப்பு மட்டும் அளவுக்கு மேலேயே இருந்தது, ஆசை தேய்ந்துபோய்விட்டது. இருவரையும் கொண்டுவந்து நிறுத்தியது ஒரே எண்ணம்: எதற்கும் பயன்படாத விளையாட்டு வீண் என்ற எண்ணம்.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை

விளையாடும் மாணவர்களின் வாழ்க்கைத் தரம் மேலாக இருக்கிறது என்று ஆய்வுச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அதை அப்படியே விழுங்க வேண்டாம். ஒரே சமயத்தில் கேள்வித்தாள் கொடுத்து எடுக்கும் கணக்கில், விளையாடுவதால் நன்றாக இருக்கிறார்களா, நன்றாக இருப்பவர்கள்தான் விளையாட வருகிறார்களா என்று பிரிக்க முடியாது. இரண்டு வேலை பார்த்துக்கொண்டு படிக்கிறவன் கோர்ட்டுக்கு வரவும் மாட்டான், கேள்வித்தாளில் நல்ல மதிப்பெண் போடவும் மாட்டான். அவனுடைய பிரச்சினை விளையாட்டு இல்லாதது அல்ல, நேரம் இல்லாதது.

பணத்தையும் பேச வேண்டும். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்து வடிவத்திலேயே, மிதந்து போவதற்கு ஒரு செயற்கை ஆறு கட்டியிருக்கிறார்கள். மாணவர்கள் கடனில் படிக்கும் நாட்டில் இது தேவையா என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். ஆறு வேண்டாம். ஹாரி பக்கின் மாணவர்கள் கொண்டுபோனது ஒரு வலை, ஒரு பந்து, சாயங்காலம் கூட இருக்க ஒரு மாஸ்டர். அது போதும்.

நேரத்துக்கு ஒரு கணக்கு. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். 150 நிமிடம் என்பது அதில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு. ஒரு தமிழ்ப் படம் பார்க்கும் நேரம்.

என்ன செய்யலாம்?

புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்கு: முதல் இரண்டு வாரத்துக்குள் ரெக் சென்டருக்குள் ஒருமுறை போய்விடுங்கள். பாடம் ஏறிய பிறகு போகவே மாட்டீர்கள். எதிர்போட்டி இல்லாத நிலையில் பேர் கொடுங்கள். ஆடத் தெரியாது என்று சொல்லிவிட்டே ஆடுங்கள், அதற்கென்றே வைத்த இடம் அது. காலுக்கு நல்ல ஷூ ஒன்று, அதில் கஞ்சம் வேண்டாம்.

முன்னால் வந்து தங்கிவிட்ட சீனியர்களுக்கு: புது மாணவரை விமான நிலையத்தில் ஏற்றி வந்து, வங்கிக் கணக்குத் திறந்து, சிம் வாங்கிக் கொடுக்கிறீர்கள். பெரிய உதவி. அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேருங்கள். ஒரு சாயங்காலம் கோர்ட்டுக்குக் கூட்டிப் போங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுகிறவர் கூட ஒருவர் இருந்தால் போவார். பெண்கள் என்றால் பெண் சீனியர்கள்.

தமிழ்ச் சங்கங்களுக்கு: வருஷத்துக்கு ஒருநாள் விளையாட்டு விழா வைக்கிறோம். கோப்பை, சிறப்பு விருந்தினர், புகைப்படம், பிரியாணி. நல்லதுதான். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து வாராவாரம் ஒரு பள்ளி ஜிம்மை இரண்டு மணி நேரம் வாடகைக்குப் பிடியுங்கள். கோப்பை வேண்டாம். பக்கத்துப் பல்கலைக்கழக மாணவர்களையும் கூப்பிடுங்கள். இங்கே பிறந்த பிள்ளையும் ஊரிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே வலைக்கு இரண்டு பக்கம் நின்றால், மேடையில் எத்தனை பேச்சுப் பேசினாலும் வராத பழக்கம் தானாக வரும்.

பெற்றோருக்குத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது நாம் கேட்பது இரண்டு கேள்வி. "சாப்பிட்டியா?" "படிச்சியா?" இரண்டும் பாசம்தான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு விளையாடினியா?" ஜெயித்தாயா என்று கேட்க வேண்டாம். யாரோடு ஆடினாய் என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதிலில் நாலு பேருடைய பெயர் வந்தால், பிள்ளை நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகப் போனை வைக்கலாம்.